லெவல் 15 கேரக்டருக்கு ஆறு மாத டவுன்டைம்: நாள்காட்டி போட்டுத் திட்டமிடும் முழு வழிகாட்டி

"அடுத்த கதை நூற்றெண்பது நாள் கழித்துத் தொடங்கும். அதுவரை உங்கள் கேரக்டர் என்ன செய்கிறார்?" என்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராக ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) கேட்டதும் மேசை அமைதியாகிவிடும். இரண்டு கதைகளுக்கு நடுவே வரும் இந்த இடைவெளிக்குத்தான் டவுன்டைம் என்று பெயர். லெவல் 3-ல் இதே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். அப்போது கையில் காசு இருக்காது, அதனால் ஏதாவது வேலைக்குப் போயாக வேண்டும். லெவல் 15-ல் நாற்பதாயிரம் பொற்காசு கையில் இருக்கிறது. நினைத்த ஊருக்கு ஒரு நொடியில் போகலாம். வேறு உலகத்துக்குக்கூடப் போய் வரலாம். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலையில்தான் பலருக்கும் ஒன்றும் தோன்றாமல் போகிறது. கடைசியில் "ஓய்வு எடுக்கிறேன், ஒரு மேஜிக் ஐட்டம் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு மாதத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறோம்.

உயர்ந்த லெவலுக்கு வந்த கேரக்டருக்கு இது பெரிய இழப்பு. அவர் இத்தனை நாள் சண்டை போட்டது எதற்காக என்பது தெரியும் இடமே டவுன்டைம்தான். பல கேம்பெயின்களில் (தொடர் ஆட்டங்களில்) இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. உயர் லெவலில் காசு அவ்வளவு சீக்கிரம் தீராது, நாட்கள்தான் தீர்ந்துபோகும். அதனால் கஜானாவை மூடி வைத்துவிட்டு முதலில் நாள்காட்டியைத் திறக்க வேண்டும். அதிக நாள் பிடிக்கும் வேலையை முதலில் எழுதிவிட்டு, மற்றதை அதன் இடுக்குகளில் பொருத்த வேண்டும்.

இந்த வழிகாட்டி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்கானது. 2014-ல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, 2017-ல் வந்த ஸனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங் ஆகிய மூன்றிலும் உள்ள விதிகளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உதாரணத்துக்கு எங்கள் குழுவில் ஒரு தோழி ஆடிய வெயினி என்ற லெவல் 15 விசார்டை (மந்திரவாதியை) கூட்டிக்கொண்டு போகலாம். கதை நடக்கும் கற்பனை உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ஊர் அதிலுள்ள வாட்டர்டீப்.

படி 1: நாள் எத்தனை, எது நாளாகக் கணக்கில் வரும்?

டிஎம்மிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான். "கொஞ்ச காலம்" என்ற பதிலை ஏற்க வேண்டாம், எண்ணாகக் கேளுங்கள். 30 நாளுக்கும் 180 நாளுக்கும் திட்டம் முற்றிலும் வேறு.

பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விதிப்படி, டவுன்டைம் வேலைக்கு ஒரு நாளில் குறைந்தது எட்டு மணி நேரம் கொடுத்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். ஸனாதர்ஸ் கைடு கணக்கை வேலை வாரமாக மாற்றுகிறது. ஒரு வேலை வாரம் என்றால் ஐந்து நாள். ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் ஆடுபவர்களுக்கு இது வசதியாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே ஹார்ப்டோஸ் நாள்காட்டியில் ஏழு நாள் வாரம் கிடையாது. மாதத்துக்கு 30 நாள், அதில் பத்துப் பத்து நாளாக மூன்று "டென்டே". ஒரு டென்டேக்கு இரண்டு வேலை வாரம் என்று வைத்தால் 180 நாளில் 36 வேலை வாரம் கிடைக்கும். சில மேசைகளில் ஓய்வு நாளைக் கழிப்பார்கள். எங்கள் மேசையில் கழிப்பதில்லை. இதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஹார்ப்டோஸில் மாதங்களுக்கு நடுவே ஐந்து திருநாட்கள் தனியாக வரும்: மிட்வின்டர், கிரீன்கிராஸ், மிட்சம்மர், ஹைஹார்வெஸ்ட்டைட், ஃபீஸ்ட் ஆஃப் தி மூன். உங்கள் ஆறு மாதத்துக்குள் எது விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளை எந்த வேலைக்கும் எழுதாதீர்கள். திருவிழா நாளில் ஊரில் நடக்கும் ஒரு காட்சி, ஐந்து வாரப் பட்டறை வேலையைவிட நினைவில் நிற்கும்.

படி 2: ஆசைகளை எழுதி, நான்கு வகையாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் கேரக்டருக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று தயங்காமல் எழுதுங்கள். வெயினியின் தாளில் இருந்தவை: சொந்தக் கோபுரம், செத்தாலும் திரும்பி வர ஒரு குளோன் (மந்திரத்தால் வளர்க்கும் மாற்று உடல்), மந்திரங்களைச் சேமித்து வைக்கும் மோதிரமான ரிங் ஆஃப் ஸ்பெல் ஸ்டோரிங், தன் குருவைக் கொன்றது யார் என்ற உண்மை, ஜயன்ட் (ராட்சதர்) மொழி, வீட்டிலேயே ஒரு டெலிபோர்ட்டேஷன் சர்க்கிள் (நொடியில் இடம்விட்டு இடம் போக உதவும் மந்திர வட்டம்), மிக அரிய வகை கைத்தடி ஒன்று.

இவை எல்லாமே "நேரம் பிடிக்கும் வேலை"தான். ஆனால் நேரத்தைக் கேட்கும் விதம் வேறு வேறு. அதைப் பிரித்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

முதல் வகை, தொடங்கிவிட்டால் தானாக ஓடுவது. குளோன் இதற்கு நல்ல உதாரணம். மந்திரம் போட ஒரு மணி நேரம், அது முழு வளர்ச்சி அடைய 120 நாள். அந்த 120 நாளும் நீங்கள் வேறு எதையும் செய்யலாம்.

இரண்டாவது வகை, ஆள் பக்கத்தில் இருக்க வேண்டியது. கட்டடம் கட்டுவது. டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு கணக்கில் ஒரு கோட்டைக் கோபுரத்துக்கு 15,000 பொற்காசு, 100 நாள். சிறிய கோட்டைக்கு 50,000, 400 நாள். அரண்மனைக்கு 5 லட்சம், 1,200 நாள். நீங்கள் ஊரில் இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டும் காலம் மூன்று நாள் கூடும். இந்த விதியைப் பலர் கவனிப்பதே இல்லை. திட்டத்தை மொத்தமாகக் கவிழ்ப்பது இதுதான். மூன்றாம் படியில் பார்ப்போம்.

மூன்றாவது வகை, உங்கள் எட்டு மணி நேரத்தை முழுதாக விழுங்குவது. மேஜிக் ஐட்டம் செய்வது, ஆராய்ச்சி, மொழி கற்பது, ஸ்க்ரோல் (மந்திரச் சுருள்) எழுதுவது. ஒரே நாளில் இதில் ஒன்றைத்தான் செய்ய முடியும். உங்கள் 36 வேலை வாரங்களும் இந்த வகைக்குத்தான் செலவாகும்.

நான்காவது வகை, தினமும் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது நாளுக்கு இத்தனைதான் என்று கணக்குள்ள மந்திர வாய்ப்புகளில் ஒன்றைக் கேட்பது. டெலிபோர்ட்டேஷன் சர்க்கிளை ஒரே இடத்தில் ஓராண்டு தினமும் போட்டால் அது நிரந்தரமாகிவிடும். நேரம் ஒரு நிமிடம்தான், ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் 50 பொற்காசு மதிப்புள்ள சாக்பீஸும் மையும் தீரும். 365 நாளுக்கு 18,250 பொற்காசு. கட்டடத்தைக் காக்கும் கார்ட்ஸ் அண்ட் வார்ட்ஸ் மந்திரமும் இப்படித்தான், ஓராண்டு தினமும். கோட்டையை எழுப்பும் மைட்டி ஃபோர்ட்ரஸ் மந்திரம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை என ஓராண்டு போட்டால் போதும். ஒவ்வொரு முறையும் 500 பொற்காசு வைரம் ஒன்று போகும். சுமார் 26,000-க்கு ஒரு கோட்டை நிரந்தரமாகக் கிடைக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் சிறிய கோட்டையின் விலையில் இது ஏறக்குறையப் பாதி. ஓராண்டு டவுன்டைம் தரும் டிஎம் கிடைத்தால் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன்.

வெயினிக்குக் கிடைத்தது 180 நாள். அதனால் நான்காவது வகை முழுவதும் அடிபட்டது. சர்க்கிள் வேண்டவே வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. லெவல் 9 விசார்ட் ஒருவருக்கு அதற்குத் தேவையான ஐந்தாம் நிலை ஸ்லாட் ஒன்று இருக்கும். அப்படி ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் தினமும் போடும்படி ஏற்பாடு செய்யலாம். செலவு கூடும், ஆனால் கதைக்கு ஒரு ஆள் கிடைப்பார்.

படி 3: வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

எந்த வேலை என்பதைவிட எந்த வேலை முதலில் என்பது முக்கியம். வெயினியின் கணக்கே இதற்குச் சாட்சி.

ஆராய்ச்சிக்கு அவள் போக நினைத்த இடம் கேண்டில்கீப் நூலகம். அங்கே நுழைய, நூலகத்தில் இல்லாத ஒரு புத்தகத்தைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும். ஸனாதர்ஸ் கைடு விதிப்படி ஓர் ஆராய்ச்சிக்கு ஒரு வேலை வாரமும் 50 பொற்காசும் ஆகும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு 50-க்கும் இன்டெலிஜென்ஸ் சோதனையில் (பகடை உருட்டி அறிவைச் சோதிப்பது) +1 கிடைக்கும். அதிகபட்சம் +6. அதாவது 350 போட்டால் உச்சம். பெரிய நூலகம் கையில் இருந்தால் அட்வான்டேஜும் (பகடையை இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) உண்டு. மொத்தம் 21 அல்லது அதற்கு மேல் வந்தால் மூன்று உண்மைகள். குருவின் கொலையை மூன்று கோணத்தில் தேட அவள் மூன்று வேலை வாரம் ஒதுக்கினாள். பதினைந்து நாள்.

முதலில் அவள் போட்ட வரிசையில் கோபுரம் முதல் நாளே தொடங்கியது, நடுவில் கேண்டில்கீப் பயணம். அந்தப் பதினைந்து நாளும் அவள் ஊரில் இல்லை. கட்டும் காலம் 45 நாள் கூடி, நூறு நாள் கோபுரம் 145 நாளானது. வரிசையைத் திருப்பிப் போட்டோம். நிலப் பத்திரம் கைக்கு வருமுன் ஆராய்ச்சியை முடித்துவிட்டு, திரும்பி வந்து கடைக்கால் தோண்டினால் அந்த 45 நாளும் மிச்சம். கட்டுவதற்கு முன் நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. மானியமாகவோ, பத்திரமாகவோ, அரச சாசனமாகவோ வாங்க வேண்டும். வாட்டர்டீப்பைச் சுற்றிய நிலம் என்றால் ஊரை ஆளும் ஓப்பன் லார்டான லேரல் சில்வர்ஹேண்டிடம் பேச வேண்டி வரலாம். அதுவே அரை செஷனுக்கான நல்ல காட்சி.

கடைசியில் நின்ற வரிசை இது:

நாள் 1–5: வைரம், குளோனுக்கான பாத்திரம், பிளேன் ஷிஃப்ட் (உலகம் விட்டு உலகம் போகும் மந்திரம்) போடத் தேவையான முள்கரண்டிகள் வாங்குவது. நில மனு கொடுப்பது.
நாள் 6–7: டெமிபிளேனில் (மந்திரத்தால் உருவாக்கும் தனி அறையில்) குளோன். (முதிர்வது நாள் 127)
நாள் 8–22: கேண்டில்கீப்பில் ஆராய்ச்சி.
நாள் 23–122: கோபுரம் கட்டுமானம்.
நாள் 23–72: அதே இடத்தில் கொட்டகை போட்டு ரிங் ஆஃப் ஸ்பெல் ஸ்டோரிங் செய்வது. ரேர் வகை, 10 வேலை வாரம், 2,000 பொற்காசு.
நாள் 73–97: ஜயன்ட் மொழி. வழக்கமாகப் பத்து வேலை வாரம், இன்டெலிஜென்ஸ் மாடிஃபையர் (அறிவுக்கான கூடுதல் எண்) +5 என்பதால் ஐந்தே வாரம், 125 பொற்காசு.
நாள் 98–105: மந்திரப் புத்தகத்துக்கு நகல்.
நாள் 106–180: எதுவும் எழுதவில்லை.

கடைசி வரியை வேண்டுமென்றேதான் காலியாக விட்டோம். காரணம் ஐந்தாம் படியில். கொத்தனார்களை மேற்பார்வை பார்த்தபடியே மோதிரமும் செய்யலாமா என்பதை டிஎம்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் டிஎம் ஒப்புக்கொண்டார். அப்புறம் அந்த மோதிரத்துக்கு ஒரு செய்முறைக் குறிப்பும் அபூர்வப் பொருளும் தேவை. ரேர் வகை என்றால் சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) 9-இலிருந்து 12 வரை உள்ள ஓர் எதிரியின் பாதுகாப்பில் அந்தப் பொருள் இருக்கும் என்கிறது விதி. அதை எடுக்க மொத்தக் குழுவும் ஒரு செஷன் போய் வந்தது. ஒருவருடைய டவுன்டைம் எல்லோருக்கும் ஒரு சாகசமாக மாறினால் அதைவிட வேறென்ன வேண்டும்?

குளோன் போடுபவர்கள் அவசியம் யோசிக்க வேண்டியவை

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன். உயர் லெவல் விசார்டுகள் பலரும் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள், பலரும் பாதியோடு விட்டுவிடுகிறார்கள்.

குளோனுக்கு 1,000 பொற்காசு வைரம் ஒன்று தீரும். 2,000 மதிப்புள்ள மூடக்கூடிய பாத்திரம் ஒன்று வேண்டும். பிறகு உங்கள் உடலிலிருந்து ஒரு கன அங்குலச் சதை. பாத்திரத்தை யாரும் தொடாதவரை உடல் அப்படியே காத்திருக்கும். யாரும் தொடாத இடம் எது? டெமிபிளேன் என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் பதில். சரியான பதில்தான். ஆனால் லெவல் 15 விசார்டுக்கு எட்டாம் நிலை ஸ்லாட் ஒன்றே ஒன்று. டெமிபிளேன் எட்டாம் நிலை, குளோனும் எட்டாம் நிலை. ஒரே நாளில் இரண்டும் முடியாது. டெமிபிளேனின் கதவோ ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும்.

வெயினி செய்தது: ஆறாம் நாள் டெமிபிளேனைத் திறந்து, பாத்திரத்தோடும் ஒரு நாள் சாப்பாட்டோடும் உள்ளே போனாள். கதவு மறைந்தது. முப்பது அடி அறை, வெளியே போக வழியில்லை. அங்கேயே தூங்கி எழுந்து, ஏழாம் நாள் காலை குளோனைப் போட்டாள். பிறகு ஏழாம் நிலை ஸ்லாட்டில் பிளேன் ஷிஃப்ட் போட்டு வெளியே வந்தாள். பிளேன் ஷிஃப்டுக்கு 250 பொற்காசு மதிப்புள்ள, பொருள் உலகுக்கு (நாம் வாழும் சாதாரண உலகுக்கு) சுருதி சேர்த்த, முள்கரண்டி போல் பிளந்த உலோகக் கோல் ஒன்று வேண்டும். இரண்டாவது கரண்டி ஒன்றையும் வாங்கி அறைக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தாள்.

அந்த இரண்டாவது கரண்டி ஏன்? குளோனில் கண் விழிக்கும்போது உங்களிடம் உங்கள் நினைவும் திறமையும் மட்டும்தான் இருக்கும். உடைமை ஒன்றும் கூட வராது. கதவில்லாத அறையில் வெறும் கையோடு எழுந்து நிற்பீர்கள். அதனால் அறைக்குள் ஒரு சின்னப் பெட்டி தயார் செய்யுங்கள்: உடை, தண்ணீர், மந்திரத்துக்கான பொருட்கள் உள்ள காம்பொனென்ட் பை, முள்கரண்டி, மந்திரப் புத்தகத்தின் நகல். சொந்தப் புத்தகத்தை நகலெடுக்க ஒரு மந்திர நிலைக்கு ஒரு மணி நேரமும் 10 பொற்காசும் ஆகும். வெயினி மிக முக்கியமான மந்திரங்களை மட்டும் எடுத்தாள். மொத்தம் 60 நிலை, 60 மணி நேரம், 600 பொற்காசு, எட்டு நாள். டெமிபிளேனை மறுபடி போடும்போது முன்பு உருவாக்கிய அதே அறையைத் திறக்கலாம் என்பதால், நகல் முடிந்த மறுநாள் கதவைத் திறந்து பெட்டியில் வைத்துவிட்டு உடனே திரும்பினாள்.

குளோனில் எழும்போது தயார் செய்த மந்திரங்களும் ஸ்லாட்டுகளும் எப்படி இருக்கும் என்பதை டிஎம்மிடம் முன்பே பேசிவிடுங்கள். செத்த பிறகு பேசினால் அது வாக்குவாதமாகத்தான் போகும்.

படி 4: இப்போது காசு

நாட்கள் உறுதியான பிறகு கூட்டிப் பார்ப்பது எளிது. கோபுரம் 15,000. கட்டி முடித்த பிறகு நாளுக்கு 25 பொற்காசு பராமரிப்பு, பத்துத் தேர்ந்த பணியாளர்களின் சம்பளம் அதற்குள் அடக்கம். 58 நாளுக்கு 1,450. குளோன் 3,000. கரண்டிகள் 500. புத்தக நகல் 600. மோதிரம் 2,000. ஆராய்ச்சி 1,050. மொழி 125. செல்வச் செழிப்பான (வெல்தி) வாழ்க்கைக்கு நாளுக்கு 4 வீதம் 720. குழுவில் யாராவது செத்தால் ரிசரெக்‌ஷனுக்கு ஒரு வைரம் 1,000. சிமுலாக்ரம் ஒன்றுக்கு மாணிக்கத் தூள் 1,500. மொத்தம் 26,945. கையிலிருந்த 40,000-இல் மீதி 13,055.

மிக அரிய வகை கைத்தடி இதில் இல்லை. அதற்கு 20,000 பொற்காசும் 25 வேலை வாரமும், அதாவது 125 நாளும் வேண்டும். எடுத்திருந்தால் 75 காலி நாளும் போய், இன்னும் 50 நாளுக்காக மற்ற வேலைகளையும் விட்டிருக்க வேண்டும், காசும் பற்றியிருக்காது. வெயினி ஒரு மாலை முழுக்க யோசித்துவிட்டு அதைத் தாளிலிருந்து அடித்தாள். இப்படி ஒன்றையாவது அடிக்க வேண்டி வந்தால்தான் மற்றதெல்லாம் அந்தக் கேரக்டர் உண்மையாகவே விரும்பியது என்று அர்த்தம்.

சிமுலாக்ரம் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணி நேரம் போட்டு உருவாக்கும் இந்தப் பனிப் பிரதிக்கு உங்கள் உயிர்ப்புள்ளியில் பாதி இருக்கும், செலவழித்த ஸ்லாட் திரும்பாது. அதனால் தினமும் சர்க்கிள் போட அதை நம்ப முடியாது. ஆனால் பட்டறையில் கூட நின்று உழைத்தால் நாள் பாதியாகுமா? நீங்கள் ஊரில் இல்லாதபோது அது கொத்தனார்களைப் பார்த்துக்கொண்டால் போதுமா? ஒவ்வொரு மேசையிலும் பதில் வேறாக இருக்கும். ஆசையை மறைத்து வைத்துக்கொண்டு கடைசியில் நீட்டாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான டிஎம்கள் இதில் இறங்கி வருவார்கள்.

படி 5: தவறுவதற்கும் இடம் விடுங்கள்

ஸனாதர்ஸ் கைடில் ஒவ்வொரு வேலைக்கும் சிக்கல் வருவதற்கு வழி இருக்கிறது. மேஜிக் ஐட்டம் செய்யும்போது ஐந்து வேலை வாரத்துக்கு ஒருமுறை 10 சதவீத வாய்ப்பு. பத்து வார மோதிரத்துக்கு இரண்டு உருட்டல், ஏதாவது ஒரு சிக்கல் வர 19 சதவீதம். இருபத்தைந்து வாரக் கைத்தடிக்கு ஐந்து உருட்டல், 41 சதவீதம். நீண்ட வேலை என்றால் சிக்கல் வரும் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுவது நல்லது.

அதே புத்தகம் எதிரிகளைப் பற்றியும் சொல்கிறது. கொல்ல வேண்டிய வில்லன்களை அது சொல்லவில்லை. கூடவே வாழ்ந்துகொண்டு குறுக்கே நிற்பவர்களைச் சொல்கிறது. ஒன்று முதல் மூன்று பேர் போதும் என்கிறது. வெயினிக்கு எதிராக வந்தவர், அதே குன்றின் மேல் கண் வைத்திருந்த ஒரு வணிகக் குடும்பத்துத் தலைவி. அவரைக் கொல்ல ஒரே மந்திரம் போதும். ஆனால் கொன்றால் பத்திரம் ரத்தாகும், ஊரில் முகம் காட்ட முடியாது. ஃபயர்பால் போட்டுத் தீர்க்க முடியாத பிரச்சினை ஒன்றை லெவல் 15 கேரக்டரிடம் கொடுப்பதுதான் டிஎம்முக்கு இருக்கும் பெரிய சவால். டவுன்டைம் அதை இயல்பாகவே செய்துவிடுகிறது.

அந்த 75 காலி நாட்கள் இதற்காகத்தான். ஐந்தில் இரண்டு பங்கு அதிகம் என்று தோன்றலாம். குறைந்தது நாலில் ஒரு பங்கையாவது விடுங்கள்.

மற்ற வகைக் கேரக்டர்கள் என்ன செய்வது?

மந்திரம் இல்லாதவர்கள் டவுன்டைமில் ஒதுங்கிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். அட்டவணையில் இருக்கும் காசு சம்பாதிக்கும் வேலைகள் இந்த லெவலில் அவர்களுக்குப் பெரிதாக உதவாது. அரங்கச் சண்டையில் மூன்று சோதனையும் ஜெயித்தால் 200 பொற்காசு. இந்த உயரத்தில் அது சில்லறை.

ரோக் (திருட்டுக் கலையில் தேர்ந்த கேரக்டர்) மட்டும் விதிவிலக்கு. லெவல் 11-இலிருந்து ரிலையபிள் டேலன்ட் என்ற திறன் இருப்பதால் தேர்ச்சியுள்ள சோதனைகளில் பகடை எண் பத்துக்குக் கீழே கணக்காகாது. லெவல் 15-ல் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 20, எக்ஸ்பர்டீஸ் (இரட்டைத் தேர்ச்சி) இரண்டும் இருந்தால் +15. ஆக ஸ்டெல்த்திலும் (மறைந்து நடப்பதிலும்) பூட்டுத் திறக்கும் கருவிகளிலும் 25-க்குக் குறையவே குறையாது. ஊரின் பெரும் பணக்காரரிடம் திருடும் DC 25 (சோதனையில் 25 எடுக்க வேண்டிய) இலக்குக்கு 1,000 பொற்காசு. அதையும் காசுக்காகச் செய்ய வேண்டாம். யாரிடமிருந்து என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். எங்கள் ரோக், வெயினியின் எதிரியுடைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

ஃபைட்டருக்கு (போர்வீரருக்கு) நான் சொல்வது பழைய வழி. 1978-ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பிலேயே ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் கோட்டை கட்டினால் வீரர்கள் தேடி வந்து சேர்வார்கள் என்ற விதி இருந்தது. 15,000 பொற்காசில் நூறு நாளில் ஒரு காவல் அரண் கட்டலாம். பராமரிப்பு நாளுக்கு 50, அறுபது பேர் வேலை செய்வார்கள். எங்கள் குழுவின் ஃபைட்டர் கட்டடம்கூடக் கேட்கவில்லை. முந்தைய கதையில் எரிந்துபோன ஒரு கிராமத்துக்குப் போய், நாற்பது பேருக்கு ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். டிஎம் அவர்களில் மூன்று பேருக்குப் பெயர் வைத்தார். பிறகு வந்த முற்றுகையில் வடக்கு வாசலைக் காத்தது அந்த மூவர்தான். யாருடைய மேஜிக் ஐட்டமும் எங்கள் மேசையில் அந்த அளவு பேசப்படவில்லை.

கிளெரிக்குக்கு (பூசாரிக்கு) இடத்தைக் காக்கும் ஃபர்பிடன்ஸ் மந்திரம் நல்ல தேர்வு. ஒரே இடத்தில் 30 நாள் தொடர்ந்து போட்டால் யாராவது கலைக்கும்வரை நிற்கும், 1,000 பொற்காசு மாணிக்கத் தூள் கடைசி நாளில்தான் தீரும். கோபுரத்தை இப்படிக் காக்க ஒரு மாதம் போதும். ட்ரூயிட் (இயற்கையின் மந்திரவாதி) என்றால் அவேக்கன் மந்திரம். எட்டு மணி நேரம், 1,000 பொற்காசு அகேட் கல், ஒரு மரமோ விலங்கோ பேசத் தொடங்கும். முதல் 30 நாள் அது உங்கள் வசியத்தில் இருக்கும். அதன் பிறகு நீங்கள் அதை நடத்திய விதத்தை வைத்து அதுவே முடிவெடுக்கும். ஆறு மாத டவுன்டைமில் அந்த முப்பத்தோராம் நாளைத் தவறாமல் ஒரு காட்சியாக ஆடிப் பாருங்கள்.

2024 விதிகளில் ஆடுபவர்களுக்கு பாஸ்டியன் முறை இருக்கிறது. லெவல் 5-இலிருந்தே சொந்த இருப்பிடம், ஏழு நாளுக்கு ஒருமுறை அதற்கு ஒரு கட்டளை, லெவல் 17-ல் ஆறு சிறப்பு அறைகள் வரை. கணக்கு எளிதாகிறது. நாள்காட்டி போடும் பழக்கம் அங்கும் உதவும்.

படி 6: டிஎம்முக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்தக் கணக்கையெல்லாம் செஷன் மேசையில் வைத்துப் போடாதீர்கள். ஒருமுறை நாங்கள் அப்படிச் செய்து, மூன்று மணி நேரத்தில் இரண்டு பேர் மட்டுமே பேசினோம், மற்ற மூவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். இப்போது செஷனுக்கு முன்பே ஒவ்வொருவரும் டிஎம்முக்கு ஒரு செய்தி அனுப்புகிறோம். மேசையில் ஆளுக்கு ஒரு காட்சி மட்டும் ஆடுகிறோம். வெயினியை ஆடிய தோழி அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"அண்ணா, வெயினியின் 180 நாள் கணக்கு கீழே இருக்கு. அவளுக்கு இப்போ முக்கியமான ஒரே விஷயம் குருவோட கொலை. மத்ததெல்லாம் அதுக்குப் பாதுகாப்பு. கேண்டில்கீப்ல அவ தேடுற மூணு கேள்வியையும் எழுதியிருக்கேன். உங்களுக்கு வசதியான பதிலைச் சொல்லுங்க, ஒண்ணு பொய்யாக்கூட இருக்கலாம். நாள் 106-க்கு அப்புறம் முழுக்க உங்களோடது. மேசையில ஆட ஒரே ஒரு காட்சி வேணும்னா, டெமிபிளேன்ல அவ தனியாத் தூங்குற அந்த ராத்திரி வேணும்."

கணக்கு, ஒரு குறிக்கோள், டிஎம் பிடித்துக்கொள்ள மூன்று நூல், ஆட ஆசைப்படும் ஒரு காட்சி. இவ்வளவு இருந்தால் போதும். கொலைகாரன் யார் என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வியை மட்டும் கொடுங்கள்.

பதில் வந்ததும் கேரக்டர் ஷீட்டைத் திருத்திவிடுங்கள்: கழிந்த காசு, புதிய மொழி, மோதிரத்துக்குள் யார் எந்த மந்திரத்தைச் சேமித்தார்கள், கோபுரத்தின் அன்றாடச் செலவு, குளோன் முதிர்ந்த தேதி. பெட்டியில் என்னென்ன வைத்தீர்கள் என்ற பட்டியலையும் ஷீட்டின் பின்பக்கம் எழுதி டிஎம்மிடம் காட்டிவிடுங்கள். வெயினியின் பட்டியலில் கடைசியாக இருந்தது குருவின் பழைய மேலங்கி. அதற்கு விதியில் எந்தப் பயனும் இல்லை. செத்து எழுந்து அந்த இருட்டு அறையில் கண் திறக்கும்போது அது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோழி சொன்னாள். டிஎம் அதை முதல் வரியாகக் குறித்துக்கொண்டார்.